சக்கரம் பச்சையைத் தொடுகிறதா? அளவை மாற்றுங்கள்

குடியாத்தம் நண்பருக்கு வணக்கம். பள்ளி விழாவுக்காக நீங்கள் தைக்கும் ஆறடித் தேசியக் கொடியில் சக்கரம் பச்சைப் பட்டையைத் தொடுகிறது, ஆரங்களும் 22தான் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். துணியில் குற்றமில்லை, அளவில்தான்.

கொடிச் சட்டத்தின்படி 1800 மி.மீ. நீளத்துக்கு அகலம் 1200. மூன்று பட்டைகளும் தலா 400. சக்கரத்தின் விட்டம் 370 மட்டுமே. மேலும் கீழும் 15 மி.மீ. வெள்ளை தெரிய வேண்டும்.

ஆரங்களைக் கண்ணளவில் போடாதீர்கள். வட்டம் வரைந்த கவராயத்தை விரிவு மாற்றாமல் விளிம்பில் வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். இடைவெளிகளை இரண்டு முறை பாதியாக்கினால் 24. சக்கரம் கருநீலத்தில், இரு பக்கமும் தெரிய வேண்டும். முன்பு கொடியில் இருந்த ராட்டையை விட்டுச் சக்கரத்தை எடுத்ததற்கு ஒரு காரணமே, ராட்டை மறுபக்கம் தலைமாறித் தெரியும் என்பதுதான்.

வேலூர்க் கோட்டை நாடகத்திலும் இந்தக் கொடியையே ஏற்றுவதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1806 ஜூலை 10 அன்று, வேலூர் சிப்பாய்ப் புரட்சியின்போது, அங்கே பறந்தது திப்புவின் புலிக்கொடி. மூவர்ணக் கொடி ஏற்கப்பட்டது 1947 ஜூலை 22இல். நாடகக் கொடிக்குத் தனித் துணி கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.