கேஸ்கெட் மாற்றிய பிறகு இன்ஜின் ஏர் எடுக்கிறதா? மலையில் ஓடும் வண்டிக்குச் சில சோதனைகள்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். போன மாதம் குஞ்சப்பனை ஏற்றத்தில் சூடாகி ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேஸ் வெட்டி, ஹெட் கேஸ்கெட்டையும் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டோம். அன்றிலிருந்து ஐடிலிங் 1400, 1500 ஆர்பிஎம் என்று ஏறி இறங்குகிறது. இருக்கைக்கு அடியில் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. மேடு ஏறும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் வளைவுகளில் பிரேக் மிதி கல்லைப்போல் இருக்கிறது. சென்சார் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எந்தச் சென்சாரையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு அறிகுறிகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: காற்றை அளந்து உள்ளே விடும் த்ராட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எங்கோ இன்ஜின், பட்டறைப் பேச்சில் சொல்வதைப்போல், ஏர் எடுக்கிறது. பிரேக் கடினமாவது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை அல்ல என்பதால், அதைச் சரிபார்க்கும்வரை பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேடு ஏறும்போது குறை தெரியாமல் போவது ஏன் என்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், பிஸ்டன்கள் இழுக்கும் இழுப்பில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெகுவாகக் குறைந்து, வெளியிலிருந்து உள்ளே உறிஞ்சும் வேகம் மிகுந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு நகக்கண் அளவு சந்து கிடைத்தாலும் காற்று அதன் வழியே பாய்ந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடு ஏறும்போதோ த்ராட்டில் விரியத் திறந்து, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால், அதே சந்து இருந்தும் இல்லாததைப்போல் ஆகிவிடுகிறது. ஐடிலில் மோசம், பாரத்தில் சுகம் என்பது இந்தக் குறைக்கே உரிய அடையாளம். எரிபொருள் பம்பு பலவீனமாக இருந்தால் இதற்கு நேர்மாறாக மேட்டில்தான் திணறும்.

உங்கள் வண்டியைப் போன்ற சிறு பெட்ரோல் வண்டிகள் பலவற்றில், உள்ளே போகும் காற்றின் அளவை மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சாரை வைத்தே கணினி கணக்கிடுகிறது. கசிவால் அழுத்தம் உயர்ந்ததும், கூடுதல் காற்று வருகிறது என்று எண்ணி அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோலையும் கணினி விடுகிறது. அதனால் இன்ஜின் அணைந்துபோகாமல், ஐடிலிங் மட்டும் உயர்ந்து, கணினி அதை இறக்கப் பார்ப்பதும் அது மறுபடி ஏறுவதுமாக ஊஞ்சலாடுகிறது. சென்சார் பொய் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறது. அதை மாற்றினால் புதிய சென்சாரும் அதையேதான் சொல்லும்.

கசிவைத் தேடத் தொடங்குமுன் ஒன்றை விலக்கிக்கொள்ளுங்கள். ஹெட் வேலைக்குப் பிறகு ரேடியேட்டர் தண்ணீரில் காற்றுக் குமிழி தங்கிவிட்டால், வெப்பச் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் தவறான அளவைக் காட்டும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கணினி நினைத்து ஐடிலிங்கை உயர்த்தி வைக்கும். இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்துவைத்து, காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். உங்களிடம் 'உஸ்' சத்தமும் இருப்பதால் இது மட்டுமே காரணமாக இருக்காது; ஆனாலும் இரண்டும் சேர்ந்திருந்து பார்த்திருக்கிறேன்.

இனி மலைக்கே உரிய ஒரு விஷயம். நான் தொழில் கற்றது மேட்டுப்பாளையத்தில். ஐடிலில், மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் பாதரச அளவில் 18 முதல் 21 அங்குலம் வரை காட்டினால் இன்ஜின் நலம் என்று அங்கே மனப்பாடம் செய்திருந்தேன். ஊட்டிக்கு வந்த புதிதில் ஓர் எஸ்டேட் அம்பாசடரில் கேஜை மாட்டினால் ஊசி 13-இல் நின்றது. கசிவுதான் என்று முடிவுகட்டி மேனிஃபோல்டை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். ஊசி நகரவே இல்லை, ஏனென்றால் அந்த இன்ஜினில் குறையே இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. ஊட்டி 2240 மீட்டர், அதாவது 7300 அடிக்குச் சற்று மேல். அங்கே 11 முதல் 14 வரை காட்டுவதுதான் நலம். கோத்தகிரி ஏறத்தாழ 6000 அடி என்பதால் உங்களுக்கு 12 முதல் 15 வரை சரி. கணினியின் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சாவியைப் போட்டு இன்ஜினை ஓட்டாமல் வைத்திருக்கும்போது மேனிஃபோல்டு அழுத்தம் மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும், உங்கள் ஊரில் 81-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த 81-ஐப் பார்த்துச் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் மெக்கானிக்கும் அங்கேதான் தடுமாறியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதே கணக்குதான் உங்கள் பிரேக்குக்கும். மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இந்த உறிஞ்சலின் பலத்தில். சமவெளியில் 19 அங்குலம் உள்ள இன்ஜினில் கசிவால் ஐந்து போனாலும் 14 மிஞ்சும். ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியாது. உங்கள் ஊரில் 13-இல் ஐந்து போனால் மிஞ்சுவது எட்டு. வளைவில் கிளட்சை மிதித்து இன்ஜின் ஐடிலுக்கு வரும் நேரத்தில் பிரேக் கல்லாவது இதனால்தான். கியரில் இறங்கினால் த்ராட்டில் மூடிய நிலையில் இன்ஜின் வேகமாகச் சுழன்று உறிஞ்சலைத் தக்கவைக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் இந்த மலையில் பலருக்கும் உண்டு. கசிவுள்ள வண்டியில் அது உயிரோடு விளையாடுவதாகும்.

ஆகவே தேடலைப் பூஸ்டரிலிருந்தே தொடங்குங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு மிதியை ஐந்தாறு முறை அழுத்தினால் அது இறுகும். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சிறிது கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வு, பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிதியை அழுத்தும்போது மட்டும் 'உஸ்' சத்தம் கூடி, ஐடிலிங்கும் மாறினால் டயஃப்ரத்தைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து ஹோஸ்கள். கேஸ்கெட் வேலைக்குப் பிறகு வரும் கசிவுகளில் பாதிக்கு மேல் கேஸ்கெட்டில் இருப்பதில்லை, கேஸ்கெட்டை மாற்றுவதற்காகக் கழற்றிய ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். இன்ஜின் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸ், பெட்ரோல் ஆவி வரும் கேனிஸ்டர் ஹோஸ், பூஸ்டர் ஹோஸ் ஆகிய மூன்றும் சூட்டில் விறைத்துப்போனவை. கழற்றி மாட்டும்போது நுனியில் கீறல் விழுந்து, வெளியே தெரியாமல் அடிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இருக்கையைத் தூக்கிவிட்டு, ஐடிலில் ஓடவிட்டு, மூக்குப் பிளையரின் வாயில் துணி சுற்றி ஒவ்வொரு ஹோஸாக மெல்ல நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சட்டென்று இறங்கி நிதானப்படுகிறதோ, கசிவு அந்தக் கிளையில்தான் இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிசிவி வழியாக அவையும் இந்தக் கணக்கில் சேரும்.

ஹோஸ்கள் தப்பித்துவிட்டால், சட்டை இஸ்திரி போடும்போது தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பார்ப்பது பட்டறை வழக்கம். ஆனால் இருக்கைக்கு அடியில், சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் அதை அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊதுபத்திப் புகை எங்கே உள்ளே இழுபடுகிறது என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்; பெட்ரோல் வாடை உள்ள இடத்தில் நெருப்புக் கங்கு எதற்கு? தண்ணீரை மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் விளிம்பில் ஒரு சிலிண்டர் வாய்க்கு ஒன்றாக, விட்டுவிட்டுத் தெளியுங்கள். மின் இணைப்புகள் மீது பட வேண்டாம். சந்து உள்ள இடத்தில் 'உஸ்' சத்தம் ஒரு நொடி 'களக்' என்று தண்ணீரை விழுங்கும், ஐடிலிங் ஒருகணம் தடுமாறும். இன்ஜெக்டர்கள் மேனிஃபோல்டில் செருகியிருக்கும் அடிப்பகுதியிலும், த்ராட்டில் பாடி சேரும் இடத்திலும் தெளிக்க மறக்காதீர்கள். இன்ஜெக்டரின் பழைய ரப்பர் வளையங்களையே திரும்பப் போட்டிருந்தால் அவை தட்டையாகிப்போயிருக்கும்.

இதை விடிகாலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், நன்றாகச் சூடேறியபின் ஒருமுறையும் செய்ய வேண்டும். மார்கழிக் குளிரில் சுருங்கியிருக்கும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு காலையில் சந்து விட்டு, பத்து மணிக்குத் தானே அடைத்துக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மதியம் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கிடம் வண்டி நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். எதிலும் பிடிபடாவிட்டால், புகை இயந்திரம் உள்ள பெரிய பட்டறையில் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் வழியே சிறிது புகை வந்தால் பதற வேண்டாம், அந்த நேரத்தில் திறந்திருக்கும் வால்வுகள் வழியே அது வரத்தான் செய்யும்.

கசிவு கேஸ்கெட் விளிம்பிலேயே என்று உறுதியானால் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியதுதான். கழற்றியதும் கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக அழுந்திய இடத்தில் வாயைச் சுற்றி ஒரே அகலத்தில் பளபளப்பான தடம் இருக்கும். காற்று புகுந்த இடத்தில் அந்தத் தடம் மெலிந்து, குறுக்கே புகையிலைக் கறைபோல் ஒரு தூசிக்கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே ஹெட்டில் விரலை ஓட்டினால் காரணம் பெரும்பாலும் விரலிலேயே தட்டுப்படும்: சுரண்டாமல் விட்ட பழைய கேஸ்கெட் துணுக்கு, அல்லது இரும்புத் தகட்டால் அலுமினியத்தைச் சுரண்டியபோது விழுந்த கீறல். ரப்பர் வளையம் பதிந்த மேனிஃபோல்டு என்றால், வளையம் காடியிலிருந்து பிறழ்ந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நேரான ஸ்கேலை முகத்தின் குறுக்கே வைத்து, 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு அடியில் நுழைந்தால் அந்த முகம் வளைந்திருக்கிறது; புதிய கேஸ்கெட் அதைக் காப்பாற்றாது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. லேத்தில் ஃபேஸ் வெட்டியபின் ஹெட் ஒரு மயிரிழை தாழ்ந்து உட்காரும். மேனிஃபோல்டின் அடியிலிருந்து பிளாக்குக்குப் போகும் தாங்கு பட்டையை முதலில் இறுக்கிவிட்டால், அது மேனிஃபோல்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ சந்து விடும். ஆகவே அந்தப் பட்டையைக் கடைசியில் மாட்டுங்கள். மேனிஃபோல்டு போல்ட்களை நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டுமே இறுக்குங்கள். கசிகிறதே என்று இன்னும் ஒரு திருகு கூட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடும், அலுமினியத்தில் மரை போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சிலிகான் பேஸ்ட் பூசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. சாதாரண சிலிகான் பெட்ரோல் ஆவியில் ஊறி இளகும், பிதுங்கிய துண்டுகள் உள்ளே இழுபடும், அதிலிருந்து கிளம்பும் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். அப்போது நீங்கள் உண்மையாகவே ஒரு சென்சார் வாங்க வேண்டிவரும்.

கேஜின் ஊசி நிலையாக நிற்காமல் அகலமாக முன்னும் பின்னும் வீசி, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், குற்றம் மேனிஃபோல்டில் அல்ல, ஹெட் கேஸ்கெட்டே மறுபடி போயிருக்கிறது என்று கொள்ளுங்கள். டீசல் பிக்கப் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வண்டிகளில் பூஸ்டருக்கான உறிஞ்சலைத் தருவது மேனிஃபோல்டு அல்ல, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தோ தனியாகவோ உள்ள வேக்குவம் பம்பு, பிரேக் இறுகினால் அங்கே தேடுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீடுகளை அழித்து, கையேட்டில் சொன்ன முறைப்படி ஐடிலிங்கைக் கணினிக்குக் கற்றுக்கொள்ள விடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் சோப்புத் தண்ணீரை மீண்டும் தெளித்துப் பாருங்கள். சூடேறிய பிறகு ஐடிலிங் 800-ஐ ஒட்டி, கேஜின் ஊசி 13-ஐ ஒட்டி ஆடாமல் நின்று, பிரேக் மிதியும் ஸ்டார்ட் செய்ததும் இறங்கினால், முதலில் வெறும் வண்டியாகக் குஞ்சப்பனை வரை கியரிலேயே போய் வாருங்கள்; தேயிலையை அதற்கடுத்த நடையில் ஏற்றலாம்.