“எல்லா அனுமதியும் இருக்கிறது” என்கிறார் பில்டர். எங்கள் ஏரி என்ன ஆவது?

கேள்வி: மேடவாக்கத்துக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய பழைய லே-அவுட்டில் 22 வருடமாகக் குடியிருக்கிறோம். பக்கத்தில் 420 வீடுகள் கொண்ட அடுக்குமாடி எழும்புகிறது. முதல் இரண்டு பிளாக்கில் ஆட்கள் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கழிவுநீர் மழைநீர் வடிகால் வழியாக ஏரிக்குள் போகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. அவர்கள் போட்ட போர்வெல்களுக்குப் பிறகு நீர்மட்டமும் இறங்கிவிட்டது. பில்டர் அனுமதியைக் காட்டுகிறார். ஊராட்சியில் கேட்டால், “பாதாளச் சாக்கடைக்கு நிதி இல்லை” என்று கைவிரிக்கிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்களிடம் இருப்பது இன்னும் இரண்டே மாதம். அதனால் முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில்தான் நீங்கள் மனு போட வேண்டும். அதன் 2010-ம் ஆண்டுச் சட்டம், பிரிவு 14-ன்படி, பிரச்சினை முதன்முதலில் தலைகாட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள். இழப்பீடு கேட்பதற்கு மட்டும் ஐந்து வருட அவகாசம் உண்டு.

இனி அந்த ‘அனுமதி’. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடியைத் தொட்டாலே, மத்திய அரசின் 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்க வேண்டும். 420 வீடு என்றால் அநேகமாக அதைத் தாண்டியிருக்கும். அந்த அனுமதிக் கடிதத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் தேடி எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பல பக்கத்துக்கு நிபந்தனைகள் இருக்கும்: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எத்தனை கொள்ளளவு, சுத்திகரித்த நீர் எங்கே போக வேண்டும், குடிநீர் எங்கிருந்து வரும் என்று. இவற்றை நிறைவேற்றியதாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும். அனுமதி இருக்கிறது என்று அவர் சொல்லும்போதே, இத்தனை நிபந்தனைக்கும் கட்டுப்பட்டவன் என்று ஒப்புக்கொள்கிறார். உங்கள் வழக்கு அங்கேதான் நிற்கிறது.

இது வெறும் காகிதச் சட்டம் இல்லை. புனேவில் அனுமதித்த அளவை மீறிக் கட்டிய ஒரு நிறுவனத்துக்கு, 100 கோடி ரூபாய் அல்லது திட்டச் செலவில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதைக் கட்டும்படி 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு இந்த வாரமே எழுத்தில் புகார் கொடுங்கள். 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 24-ஐக் குறிப்பிட்டு, வடிகால் ஏரியில் சேரும் இடத்தில் மாதிரி எடுக்கக் கேளுங்கள். நீங்களே தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்தான். ஆனால் நீதிமன்றத்தில் வாரியத்தின் மாதிரிக்குத்தான் எடை அதிகம். தேதி தெரியும் படங்களும் எடுத்து வையுங்கள்.

கூடவே, மீதி பிளாக்குகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தரும் முன் இதை விசாரிக்கச் சொல்லி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) ஒரு மனு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது. பில்டர் உடனே பேச வருவது பெரும்பாலும் இதற்குத்தான்.

போர்வெல் விஷயத்தில் 1987-ம் ஆண்டு சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் உண்டு. உங்கள் கிராமம் அதன் அட்டவணையில் இருந்தால், அனுமதியில்லாமல் கிணறு தோண்டியதே குற்றம்.

ஊராட்சியின் பதிலை ஏற்காதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சியும் ஒரு வழக்கில் இதையே சொன்னது. பணமில்லை என்பது சாக்கடையைக் கவனிக்காததற்குச் சாக்காகாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பாய மனுவில் ஊராட்சியையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கட்டடத்தையே நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள். அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்புறம் ஒன்று: புதிதாகக் குடிவந்தவர்களோடு சண்டை வேண்டாம். கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் அவர்கள். நாளை அந்தச் சுத்திகரிப்பு நிலையம் அவர்கள் சங்கத்தின் தலையில்தான் விழும். நேரில் போய்ப் பேசுங்கள். அவர்களில் பத்துப் பேர் கையெழுத்திட்டாலே உங்கள் மனு வேறு மாதிரி நிற்கும்.

சென்னையிலேயே தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஆவணங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடுங்கள், பதில் தர 30 நாள் கெடு. பதில் வராவிட்டாலும் காத்திருக்காமல் தீர்ப்பாய மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். ஆவணங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.