வாசகர் கேள்வி: பெண்கள் தினத்தில் யார் பெயரைச் சொல்வது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மன்றம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 9 அன்று பெண்கள் தினம் கொண்டாடுகிறது. தில்லையாடி வள்ளியம்மை படத்துக்கு மாலை, ஒரு சொற்பொழிவு, கோலப் போட்டி, அவ்வளவுதான். இவ்வாண்டுப் பொறுப்பு என்னுடையது. பெண்களின் வரலாற்றையும் சமத்துவத்தையும் உண்மையாகப் பேசும் நிகழ்ச்சியாக இதை எப்படி நடத்தலாம்?
– ஒரு மாணவி, டர்பன்

பதில்: மாலையிடுவதை நிறுத்த வேண்டியதில்லை, எதற்காக அந்தப் பெண் சிறை சென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பால், தாலி கட்டி வாழ்ந்த நம் பெண்கள் சட்டப்படி மனைவியரே அல்லர் என்றாயிற்று. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தக் காலத்தை முடித்தவர்கள் மீதான 3 பவுன் வரி ஆண்பிள்ளைகளுக்கு 16 வயதில் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கோ 13 வயதிலேயே. கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் என்றால் பெண்ணுக்கு அதில் பாதிதான் கூலி. சமத்துவம் பேச இதைவிட வேறு தலைப்பு வேண்டுமா?

ஆனால் உங்கள் மேடையில் நான் முதலில் கேட்க விரும்புவது பெயர்களை. இந்த அநீதிகளை எதிர்த்து, அதே ஆண்டு அக்டோபரில் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டால் மாகாணத்துக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த 11 பெண்களில் ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர் என்கிறார் காந்தி. அவர் தரும் பட்டியலிலோ, பெரும்பாலோர் திருமதி தம்பி நாயுடு, திருமதி பி. கே. நாயுடு என்று கணவர் பெயராலேயே நிற்கிறார்கள். மூன்று மாதக் கடுங்காவல் பெற்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்த வள்ளியம்மை மணமாகாதவர். தம் பெயராலேயே நிலைத்தார். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேடுகளிலோ ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண், சொந்தப் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. கூலியாக எண்ணியவர்கள் எழுதிய பெயரை, போராளியாகப் போற்றியவர்கள் எழுதாமல் விட்டது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

ஆகவே மன்றத்தார் ஒவ்வொருவரும், ஆண்பிள்ளைகள் உட்பட, தம் குடும்பத்தில் முதலில் கப்பலிறங்கிய பெண்ணின் பெயரைத் தேடிவந்து மேடையில் வாசிக்கட்டும். வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுதுலி ஆவண மையம் உங்களுக்குத் துணையாகும். தமிழ் சரளமாகப் பேச வராத பிள்ளைகளுக்கும் பாட்டியின் பெயரை உச்சரிக்க வரும். நாற்காலி அடுக்குவதும் தேநீர் கொடுப்பதும் மாணவிகள் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் நம்முடையது மட்டுமன்று. 1956 ஆகஸ்ட் 9 அன்று, கறுப்பினப் பெண்கள் மீது சுமத்தப்பட்ட அடையாளச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து, லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் ஆகியோர் முன்னிற்க, சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்டார்கள். உங்கள் ஜூலுத் தோழியரையும் தம் பாட்டிமார் பெயரோடு அழையுங்கள்.

கோலம் இருக்கட்டும், போட்டியும் பரிசும் வேண்டாம், எல்லோருமாக வாசலில் போடுங்கள். தேடலை மட்டும் ஜூன் மாதமே தொடங்கிவிடுங்கள். பாட்டிமார் நினைவிலிருந்து ஒரு பெயர் எழுந்து வர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது.