கிட்டார் தெரிந்தவர் ஜாஸ் பேன்ஜோ பழக எதை வாங்குவது?

கேள்வி: எட்டு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் பதிவுகளைக் கேட்டதிலிருந்து அவற்றில் வரும் பேன்ஜோ என்ற தோல் முகத் தந்தி வாத்தியத்தின் மீது ஆசை வந்துவிட்டது. வாசித்தவர் ஜானி செயின்ட் சீர் என்று தெரிந்துகொண்டேன். ஆறு தந்தி பேன்ஜோ வாங்கலாம் என்றால், அது பேன்ஜோவே அல்ல, நான்கு தந்தியில்தான் ஜாஸ் வரும் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது? எந்தப் பதிவுகளை வைத்துப் பழகுவது? பகலில் அலுவலகம் போகிறேன். கிட்டாரை விற்றுவிட்டு இதில் முழுமூச்சாக இறங்கினால்தான் கை வருமா?

பதில்: ஆறு தந்தியையே வாங்குங்கள். நண்பர்கள் கேட்டால் ஜானி செயின்ட் சீரின் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் மயங்கிக் கேட்ட அந்தப் பேன்ஜோவுக்கும் ஆறு தந்திகள்தான். அவர் முதலில் பழகியது கிட்டார். நடன அரங்கின் இரைச்சலில் கிட்டார் எடுபடவில்லை என்பதால், பேன்ஜோவின் தோல் முகத்தில் கிட்டாரின் கழுத்தைப் பொருத்தித் தனக்கென ஒரு வாத்தியத்தை உருவாக்கிக்கொண்டார். விரல்களுக்குப் பழகிய கார்டுகள் அப்படியே இருந்தன, ஒலி மட்டும் பேன்ஜோவாகிவிட்டது. நீங்கள் இன்று நிற்கும் இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார்.

நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அக்காலத்து ஜாஸ் பேன்ஜோக்காரர்களில் பெரும்பாலோர் நான்கு தந்தி டெனர் பேன்ஜோவே வாசித்தார்கள். அதன் சுருதி அமைப்பு சி, ஜி, டி, ஏ என்று போகும். கிட்டாரில் கற்ற கார்டு வடிவங்கள் அதில் உதவாது, புதிதாகத் தொடங்க வேண்டும். ஐந்து தந்தி பேன்ஜோ அமெரிக்க நாட்டுப்புற இசைக்கும் புளூகிராஸ் என்ற கிராமிய இசைக்கும் உரியது. இந்த இசைக்காக அதை வாங்கிவிடாதீர்கள். கடையில் வெறுமனே 'பேன்ஜோ' என்று கேட்டால் புல்புல்தாரா என்ற, விசைகளை அழுத்தி வாசிக்கும் தந்தி வாத்தியத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு, ஏனென்றால் நம் நாட்டில் அதற்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. 'கிட்டார் பேன்ஜோ, ஆறு தந்தி' என்று தெளிவாகக் கேளுங்கள்.

வாங்கி வந்த முதல் நாளே ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். கிட்டாரில் வாசிப்பதுபோல ஆறு தந்திகளையும் சேர்த்து மீட்டினால் ஒலி குழம்பிச் சேறாகிவிடும். பலர் இந்த இடத்தில்தான் வாத்தியத்தைக் குறை சொல்லிவிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். கீழ்ச் சுருதித் தந்திகள் இரண்டையும் விட்டுவிட்டு, மீதி நான்கில் மட்டும் கார்டைப் பிடித்துப் பாருங்கள். ஒலி உடனே தெளியும். அடுத்தது வலது கை. பிக்கைக் கீழ்நோக்கி மட்டும் இறக்கி, ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நான்கு அடி, நான்கும் ஒரே இடைவெளியில். ஒவ்வொரு அடி விழுந்ததும் இடது கை விரல்களை இலேசாகத் தளர்த்துங்கள், தந்தியிலிருந்து எடுத்துவிட வேண்டாம். ஒலி 'டக்' என்று அறுபடும். அந்த அறுபடல்தான் தாளம். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 100 அடியில் வைத்து இதை மட்டும் பத்து நிமிடம் செய்யுங்கள். மணிக்கட்டு வலித்தால் பிக்கை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள்.

இந்த நான்கு அடிக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதன் காரணம் செயின்ட் சீரின் வாழ்க்கையில் இருக்கிறது. 1890-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த செயின்ட் சீர், கிட் ஓரி போன்றவர்களின் குழுக்களில் வாசித்தார். பிறகு மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளில் ஃபேட் மாரபிளின் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் இளைஞர் ஆம்ஸ்ட்ராங்கும் இருந்தார். இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்பதில் மாரபிள் கண்டிப்பானவர். ஆட வந்த கூட்டத்துக்கு இரவெல்லாம் தாளம் தவறாமல் வாசிக்க வேண்டும். 1923-இல் கிங் ஆலிவரின் குழுவுக்காகச் சிகாகோ போனார். அங்கே டாக் குக்கின் நடன இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழுவிலும் இடம்பெற்றார்.

அந்த ஐவர் யார் என்று பாருங்கள். ஆம்ஸ்ட்ராங் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகுழல்), கிட் ஓரி டிராம்போன், ஜானி டாட்ஸ் கிளாரினெட், லில் ஹார்டின் பியானோ, செயின்ட் சீர் பேன்ஜோ. டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை. மூன்று ஊதுகுழல்கள் மேலே பறக்கும்போது கீழே தரையாக இருந்தவை பியானோவும் பேன்ஜோவும் மட்டுமே. செயின்ட் சீரின் கை ஒரு நொடி பிசகினாலும் மேலே இருப்பவர்கள் தடுமாறிப்போவார்கள். எல்லோரும் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட்டைப் புகழ்கிறோம், அது நியாயமானதும்கூட. ஆனால் அப்படி மேலே பறக்கும் சுதந்திரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி விடை இந்தப் பேன்ஜோவில் இருக்கிறது என்றே நான் சொல்வேன்.

இனி பதிவுகள். முதலில் 1925 நவம்பர் 12 அன்று சிகாகோவில் ஓக்கே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான 'கட் பக்கெட் புளூஸ்'. ஹாட் ஃபைவ் குழுவின் முதல் பதிவு நாள் அது. பாட்டு பேன்ஜோவோடுதான் தொடங்குகிறது. அதன்மேல் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரல், செயின்ட் சீரைப் பெயர் சொல்லி, வாசியுங்கள் என்று உற்சாகப்படுத்துகிறது. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் எல்லோருக்கும் இது கைவந்த கலை என்று ஊர்ப் பெருமையும் பேசுகிறது. அந்தச் சில நொடிகளை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. மிதமான வேகம் என்பதால், தொடங்குபவர் கூடவே வாசித்துப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்து 1927 மே மாதத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் செவன்' குழு பதிவு செய்த 'பொட்டேட்டோ ஹெட் புளூஸ்'. பேபி டாட்ஸின் டிரம்ஸும் பீட் பிரிக்ஸின் டியூபாவும் (அடி ஒலி தரும் பெரிய ஊதுகுழல்) சேர்ந்துவிட்டதால் பேன்ஜோவின் சுமை இதில் சற்றுக் குறைகிறது. கிளாரினெட் தனி வாசிப்பு முடிந்து, ஆம்ஸ்ட்ராங்கின் புகழ்பெற்ற தனி வாசிப்பு தொடங்குவதற்கு முன், பேன்ஜோ மட்டும் நான்கு பார் வாசித்து வழிவிடும். அந்தச் சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, வேகத்தைக் குறைத்துப் பழகுங்கள். ஒருவரை மேடைக்கு அழைத்து வருவது எப்படி என்று அது கற்றுக்கொடுக்கும்.

மூன்றாவது, பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனின் 'ரெட் ஹாட் பெப்பர்ஸ்' குழு 1926 செப்டம்பரில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்'. இதில் செயின்ட் சீருக்குத் தனி வாசிப்பே உண்டு. வேகம் கடுமையானது, ஆறு மாதமாவது கழித்துத் தொடுங்கள். மார்ட்டன் கறாரானவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவரோடு பதிவு செய்வது இதமாக இருந்தது, யோசனைகளைக் காது கொடுத்துக் கேட்டார் என்றே செயின்ட் சீர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கார்டுகளில் ஆர்வம் இருந்தால் 'ஓரியன்டல் ஸ்ட்ரட்' கேளுங்கள். செயின்ட் சீரே இயற்றி, 1926 பிப்ரவரியில் ஹாட் ஃபைவ் வாசித்தது. அக்கால வழக்கத்தை மீறிய கார்டு நகர்வுகள் அதில் இருக்கின்றன.

அலுவலகமா, இசையா என்ற கேள்விக்கு வருகிறேன். செயின்ட் சீர் சுவருக்குப் பூச்சு வேலை செய்யும் கொத்தனார். இருபதுகளின் இறுதியில் மைக்ரோஃபோன் வந்தது, டியூபா இருந்த இடத்தில் பெரிய தந்தி பாஸ் வந்தது, தாளம் மென்மையானது. பேன்ஜோவின் இடத்தைக் கிட்டார் எடுத்துக்கொண்டது. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, அவர் நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பிக் கரண்டியைக் கையில் எடுத்தார். ஜாஸின் தலைசிறந்த பதிவுகளில் வாசித்த அதே கை, பகலில் சுவர் பூசியது. ஆனாலும் உள்ளூர்க் குழுக்களோடு வாசிப்பதை அவர் விடவில்லை. 1950களில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1961 முதல் 1966-இல் இறக்கும்வரை டிஸ்னிலேண்டின் 'மார்க் ட்வெய்ன்' படகில் 'யங் மென் ஃப்ரம் நியூ ஆர்லியன்ஸ்' குழுவை வழிநடத்தினார். எழுபது வயதைத் தாண்டியவர், இளமையில் வாசித்ததுபோலவே மறுபடியும் ஒரு படகில். எனவே வேலையை விட வேண்டாம். தினமும் அரை மணி நேரம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

கிட்டாரையும் விற்காதீர்கள். அவரும் இரண்டையும் வாசித்தவர்தான். புதிய கார்டைக் கிட்டாரில் பிடித்துப் பார்த்து, கை பழகியதும் பேன்ஜோவுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, வாத்தியம் வந்ததும் பலர் தவறவிடும் ஒன்று. பேன்ஜோவின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு, ஒட்டப்பட்டிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும், வழியில் நகர்ந்திருக்கும். ஒரு தந்தியின் 12-ஆவது ஃபிரெட்டில் விரலை இலேசாகத் தொட்டு மணி போன்ற ஒலியை எழுப்புங்கள். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்திய ஒலி கூடுதல் சுருதியில் இருந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து விலக்கியும், குறைவாக இருந்தால் கழுத்தை நோக்கியும், தந்தியைச் சற்றே தளர்த்திக்கொண்டு, நூலளவு நகர்த்துங்கள். தோல் முகம் உள்ள பழைய பேன்ஜோ கிடைத்தால் மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும், ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக் முகம் உள்ளதை வாங்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.