லாமலேரா: திமிங்கிலம் பிடிக்கும் ஊர் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவிலுள்ள லாமலேரா என்ற ஊரைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். கையால் ஈட்டி குத்தித் திமிங்கிலம் பிடிக்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், அவ்வளவுதான் சொன்னது. வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி ஆச்சரியம். சரி, இந்த முறை பக்கம் முழுவதையும் லாமலேராவுக்கே கொடுத்துவிட்டேன்.

லெம்பாட்டாவா? மேப்பில் தேடித் தேடிக் கண் வலிக்கிறது. எங்கேதான் இருக்கிறது?
(வாசகர், தென்காசி)

முதலில் பாலியைப் பிடியுங்கள், அது எல்லா மேப்பிலும் இருக்கும். அங்கிருந்து கிழக்கே போனால் லொம்போக், சும்பாவா, பெரிய பல்லிகள் வாழும் கொமோடோ, அப்புறம் நீளமாக ஃபுளோரஸ். ஃபுளோரஸின் கிழக்கு முனையில் லாரந்துக்கா என்ற துறைமுகம். அதற்கு எதிரே அடோனாரா, சோலோர் என்று இரண்டு தீவுகள், அதையும் தாண்டினால் லெம்பாட்டா. பழைய மேப் வைத்திருந்தால் லொம்ப்லென் என்ற பெயரில் தேடுங்கள். மாகாணம் கிழக்கு நுசா தெங்காரா, அதன் தலைநகர் கூப்பாங் தெற்கே திமோர் தீவில் இருக்கிறது. லெம்பாட்டா 1999இல் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் லெவோலேபா தீவின் வடபக்கம், லாமலேரா தென்கரையில். நடுவே முழுக்க மலை. நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறார்கள்.

தமிழர்கள் இருக்கிறார்களா?
(வாசகி, காரைக்குடி)

இந்தக் கேள்வி இல்லாமல் எந்த நாட்டைப் பற்றியும் எழுத முடியாது போலிருக்கிறது! இந்தோனேசியத் தமிழர்கள் பெரும்பாலும் சுமத்ராவில், மேடான் நகரத்தை ஒட்டி இருக்கிறார்கள். அங்கிருந்து லெம்பாட்டா சுமார் 3,000 கிலோமீட்டர். லாமலேராவில் பேசுவது லாமஹோலோட் மொழியின் ஒரு வழக்கு, பள்ளியில் இந்தோனேசிய மொழி.

நாங்களும் கடல்காரர்கள்தான். எங்கள் பக்கம் திமிங்கிலம் செத்து ஒதுங்கினால்தான் உண்டு. அங்கே கரையிலிருந்து பார்த்தாலே தெரியுமாமே, எப்படி?
(வாசகர், ராமநாதபுரம்)

எல்லாம் ஆழம்தான் ஐயா. உங்கள் பாக் நீரிணையில் பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் தண்ணீர். லாமலேராவின் தெற்கே இருக்கும் சவு கடலோ கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே செங்குத்தாக இறங்குகிறது. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் பெரிய நீரோட்டம் இந்தத் தீவுகளின் சந்துகள் வழியாகத்தான் நுழைகிறது, கூடவே அடியிலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீர் மேலே வருகிறது. மீனும் கணவாயும் பெருகுகின்றன. ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு, அதாவது உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையாகவே இருக்கிற அந்தப் பல்லுள்ள திமிங்கிலத்துக்கு, ஆழ்கடல் கணவாய்தான் முக்கிய உணவு. ஆழம் கரைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதுவும் பக்கத்திலேயே வருகிறது.

இன்ஜின் இல்லாமல், துப்பாக்கி இல்லாமல் அவ்வளவு பெரிய பிராணியை எப்படிப் பிடிக்கிறார்கள்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.
(கல்லூரி மாணவர், சேலம்)

மலைச்சரிவில் ஊர், கீழே கறுப்பு மணல் கடற்கரை. மணலில் ஓலை வேய்ந்த கொட்டகைகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு படகு. படகின் பெயர் தேனா. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம், ஆணியே கிடையாது, பலகைகளை மரமுளை அடித்துச் சேர்க்கிறார்கள். பாய் துணி இல்லை, தாளிப்பனை வகை மரத்தின் ஓலையைப் பின்னிச் செய்த பாய். ஒவ்வொரு தேனாவும் ஒரு குலத்துக்குச் சொந்தம். பழைய படகு போனால் அதே பெயரில் புதிது கட்டுவார்கள், அதனால் படகுக்குச் சாவே இல்லை.

யாராவது நீர் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டால் "பலேயோ!" என்று கத்துவார்கள். அந்தக் குரல் ஊர் முழுக்கக் கைமாறிப் போகும், செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஆண்கள் கடற்கரைக்கு ஓடுவார்கள். படகின் முகப்பிலிருந்து மூங்கில் மேடை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் நிற்பவர் லாமாஃபா, ஈட்டிக்காரர். நீள மூங்கில் கழியின் முனையில் இரும்பு ஈட்டி, ஈட்டியில் கயிறு. ஈட்டியைத் தூர இருந்து வீசுவதில்லை. திமிங்கிலத்தின் முதுகை ஒட்டிப் படகு போனதும் ஆள் ஈட்டியோடு சேர்ந்தே பாய்கிறார், தன் உடம்பின் எடை முழுவதையும் அதில் இறக்குகிறார், பிறகு நீந்தி வந்து படகைப் பிடித்து ஏறிக்கொள்கிறார். அடிபட்ட திமிங்கிலம் படகை மணிக்கணக்காக இழுத்துப் போகும். வாலால் ஒரு அடி விட்டால் பலகை சிதறும். கயிற்றில் கை கால் சிக்கினால் போச்சு. 1994இல் இப்படி இழுத்துச் செல்லப்பட்ட படகுகளை இழந்து நடுக்கடலில் தத்தளித்தவர்களை அந்த வழியாக வந்த சுற்றுலாக் கப்பல் ஒன்று காப்பாற்றிக் கொண்டுவந்தது.

இன்ஜினே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேயும் வந்துவிட்டது. ஜோன்சோன் என்று அழைக்கும் மோட்டார் படகுகள் இப்போது டால்பினுக்கும் திருக்கைக்கும் தனியாகப் போகின்றன. திமிங்கிலம் தெரிந்தால் தேனாவைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் விட்டுவிடுகின்றன, குத்துவது மட்டும் தேனாவிலிருந்துதான். இதில் எது முறை, எது மீறல் என்று ஊருக்குள்ளேயே வருஷக்கணக்காகச் சண்டை.

இதை எழுதியதே தவறு. அழிந்துவரும் உயிரைக் கொல்வதை வீரம் மாதிரி வர்ணிக்கிறீர்கள். அந்த நாட்டு அரசு எப்படி விட்டுவைத்திருக்கிறது?
(வாசகி, கோயம்புத்தூர்)

கோபம் நியாயம்தான் அம்மா, ஆனால் யார் மேல் என்று பார்க்க வேண்டும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தை உலகப் பட்டியலில் ஆபத்துக்குள்ளாகக் கூடிய இனம் என்றுதான் வைத்திருக்கிறார்கள், உண்மை. அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? 20ஆம் நூற்றாண்டில் பெரிய நாடுகளின் கப்பல்கள் வெடிவைத்த ஈட்டிகளால் எண்ணெய்க்காகப் பல லட்சம் ஸ்பெர்ம் திமிங்கிலங்களைக் கொன்றன. லாமலேராவில் சில ஆண்டுகளில் ஒரு கை விரலுக்குள், நல்ல ஆண்டில் இருபது சொச்சம். சர்வதேச அளவில் 1986 முதல் வணிக வேட்டைக்குத் தடை வந்தபோதும், சாப்பாட்டுக்காகப் பிடிக்கும் பழங்குடி ஊர்களுக்குத் தனி விலக்கு வைத்தார்கள். இந்தோனேசியா அந்தத் தடையைப் போட்ட சர்வதேசத் திமிங்கில ஆணையத்தில் உறுப்பினரே அல்ல. உள்நாட்டுச் சட்டத்தில் திமிங்கிலம் பாதுகாக்கப்பட்ட உயிர்தான், ஆனால் லாமலேராவைக் கண்டும் காணாமலும் விட்டிருக்கிறார்கள். 2009இல் சவு கடலில் பெரிய தேசியப் பூங்கா அறிவித்தபோது ஊரே எதிர்த்து நின்றது, கடைசியில் லெம்பாட்டாவின் கடல் பூங்கா எல்லைக்கு வெளியே போனது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1970களில் இதே ஊருக்கு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, திமிங்கிலத்தை நவீனமாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க நார்வேயிலிருந்து ஆளும் கப்பலும் அனுப்பியது! அன்று அதிகமாகப் பிடி என்றார்கள், ஒரு தலைமுறை கழித்துப் பிடிக்கவே பிடிக்காதே என்கிறார்கள். ஊர்க்காரன் யார் பேச்சைக் கேட்பான்? நார்வே திட்டமும் கொஞ்ச காலத்தில் மூட்டை கட்டிவிட்டது.

அதற்காக அங்கே நடப்பதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். கொம்புத் திருக்கை மெதுவாகக் குட்டி போடும் இனம், 2014 முதல் நாடு முழுவதும் அதைப் பிடிக்கத் தடை, லாமலேராவில் அது இன்னும் பிடிபடுகிறது. டால்பினை மோட்டார் வைத்துத் துரத்திப் பிடிப்பதைப் பழைய மரபு என்று சொல்லி என்னை நம்பவைக்க முடியாது. ஆனால் நீலத் திமிங்கிலத்தைத் தொடமாட்டார்கள், எங்கள் முன்னோரைக் கடலில் காப்பாற்றிச் சுமந்து வந்தது என்று கதை சொல்வார்கள்.

ஒரு திமிங்கிலம் நாற்பது டன் இருக்கும் என்கிறார்கள். ஒரு சின்ன ஊர் அவ்வளவு கறியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?
(வாசகர், ஈரோடு)

இதுவரை வந்ததில் உருப்படியான கேள்வி இது. ஈட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் பங்கு பிரிப்பதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

லாமலேராக்காரர்கள் அந்தத் தீவின் ஆதிக்குடிகள் அல்ல. சுலாவெசியிலிருந்து கிளம்பி, பல தீவுகளில் தங்கி, கடைசியாக லாப்பான் பாத்தான் என்ற தீவு கடலில் மூழ்கியபோது தப்பி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. வந்தவர்களுக்குக் கிடைத்தது பாறையும் மணலும்தான். விளைகிற மண் மலைக்காரர்கள் கையில். ஆகவே கடலில் கிடைப்பதைக் கொடுத்து மலையிலிருந்து தானியம் வாங்கினால்தான் அடுப்பு எரியும்.

திமிங்கிலம் கரைக்கு வந்ததும் வாளும் கத்தியுமாக வெட்டுவார்கள், ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. உடம்பின் எந்தப் பகுதி யாருக்கு என்று பரம்பரையாக வரையறை இருக்கிறது. படகில் போனவர்கள், படகு கட்டிய தச்சர், ஈட்டி அடித்த கொல்லர், பாய் பின்னியவர்கள், படகுக்குச் சொந்தமான குலம், அந்த மண்ணின் ஆதி உரிமையாளர்களான குலம் என்று பங்கு போகும். கடலுக்குப் போக ஆணில்லாத வீட்டுக்கும், விதவைக்கும், அநாதைப் பிள்ளைக்கும் உறவு வழியாக ஏதாவது வந்து சேர்ந்துவிடும். கறியைக் கீற்றுக் கீற்றாக அறுத்து மூங்கிலில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள், சொட்டும் எண்ணெயையும் வீணாக்குவதில்லை.

அதன் பிறகு வேலை பெண்களுடையது. காய்ந்த கறியைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஊர்களுக்கு நடந்துபோய் மாற்றி வருவார்கள். சனிக்கிழமை தோறும் பக்கத்து ஊரான வுலாண்டோனியில் பண்டமாற்றுச் சந்தை. மலைப் பெண்கள் மக்காச்சோளம், வாழைப்பழம், மரவள்ளி, காய்கறி கொண்டுவருவார்கள், கடற்கரைப் பெண்கள் கறியும் மீனும் உப்பும். விசில் ஊதும்வரை யாரும் மாற்றக்கூடாது, சந்தைக் கட்டணமும் பொருளாகவே வசூல். ஒரு துண்டு காய்ந்த கறிக்கு ஒரு டஜன் சோளக்கதிர் அல்லது ஒரு டஜன் வாழைப்பழம் என்பது வழக்கமான கணக்கு. ரூப்பியா நோட்டு எல்லோரிடமும் இருக்கிறது, பள்ளிக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் அதுதான் வேண்டும், இருந்தாலும் இந்தச் சந்தை நிற்கவில்லை. பணத்துக்கு விற்றால் மலைக்காரர்களால் கறி வாங்க முடியாது, இவர்களால் சோளம் வாங்க முடியாது, இரண்டு பக்கத்திலும் கையில் காசு குறைவு. வேட்டையை நிறுத்து என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது மலை ஊர்களைப் பற்றித்தான், நிற்கப்போவது ஒரு ஊரின் சாப்பாடு மட்டுமல்ல.

அந்தச் சோளத்தை என்ன செய்வார்கள் என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். மண்சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் கையாலேயே இரண்டிரண்டாக எடுத்துக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் ஒரே தட்டு, அவல் மாதிரி தட்டையாகிவிடும். ஜாகுங் தித்தி என்று பெயர்.

லாமலேராக்காரர்கள் கிறிஸ்தவர்கள் என்கிறார்களே. இந்தோனேசியா முஸ்லிம் நாடாயிற்றே?
(வாசகர், நாகர்கோவில்)

நாடு முழுவதும் எடுத்தால் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை, இந்த மாகாணத்தில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை. 1566இல் போர்ச்சுக்கீசிய டொமினிக்கன் துறவிகள் பக்கத்துச் சோலோர் தீவில் கோட்டை கட்டினார்கள், 1859இல் போர்ச்சுக்கல் ஒப்பந்தம் போட்டு டச்சுக்காரர்களிடம் இந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தது, மதம் தங்கிவிட்டது. லாமலேராவில் வேட்டைப் பருவம் மே முதல் தேதி கடற்கரையில் திருப்பலியோடு தொடங்குகிறது. அதற்கு முந்தின நாட்களில் கடலில் உயிர்விட்டவர்களுக்காக ஜெபம். அதற்கும் முன்னால் மண்ணின் ஆதிக்குலத்தார் மலையில் திமிங்கில வடிவப் பாறையிடம் போய்ச் சடங்கு செய்து திமிங்கிலத்தை அழைத்து வருவார்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை.

கல்யாணச் சீராக யானைத் தந்தம் கொடுப்பார்களாமே, அங்கே யானை ஏது?
(வாசகி, மதுரை)

யானை கிடையாது. தந்தம் எல்லாமே பல நூற்றாண்டு வணிகத்தில் வெளியிலிருந்து வந்தது, வீட்டுக்கு வீடு கைமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தந்தம் தர வேண்டும், பெண் வீட்டார் பதிலுக்குக் கையால் நெய்த துணி தர வேண்டும். பாவு நூலைக் கட்டுக்கட்டாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, அவிழ்த்து, மறுபடி கட்டி மறுபடி முக்கி, அதன் பிறகுதான் நெசவு. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு நுணா வகை மரத்தின் வேர். ஒரு நல்ல சீர்த்துணி முடிய மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷம். இந்தத் துணிகளின் உயர்ந்த ரகத்தில் இருக்கும் வடிவங்கள் குஜராத்தின் பட்டோலாப் பட்டைப் பார்த்து எடுத்தவை. பழைய குஜராத்துப் பட்டோலாக்களையே குலச்சொத்தாகப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

எரிமலை, சுனாமி பயம் உண்டா?
(வாசகர், நாகப்பட்டினம்)

நிறைய. 1979 ஜூலையில் தென்கரையில் வைத்தேபா பக்கம் மலைச்சரிவு ஒன்று இரவில் அப்படியே கடலுக்குள் சரிந்து அலை எழுந்தது, ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வடக்கே லெவோதோலோக் எரிமலை 2020 நவம்பரில் பெரிதாக வெடித்தது. அந்தச் சாம்பலும் கல்லும் சரிவில் கிடக்கும்போதே 2021 ஏப்ரலில் செரோஜா புயல் மழை, எல்லாம் சேறாகி அடிவார ஊர்களின் மேல் இறங்கியது.

போய்ப் பார்க்கலாமா?
(வாசகர், சென்னை)

போகலாம். கூப்பாங்கிலிருந்து லெவோலேபாவுக்குச் சின்ன விமானம், அல்லது லாரந்துக்காவிலிருந்து படகு. அங்கிருந்து மலை தாண்டி லாமலேராவுக்கு மோசமான சாலையில் சில மணி நேரம். வீடுகளில் தங்க இடம் தருவார்கள். பருவம் மே முதல் அக்டோபர் வரை, அதிலும் வாரக்கணக்காக ஒன்றும் கண்ணில் படாமல் போகலாம், அதற்காக யாரிடமும் கோபித்துக்கொள்ளாதீர்கள். கடற்கரையில் படமெடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அங்கே இருக்கிற மாதிரி திட்டமிடுங்கள், திமிங்கிலம் வராவிட்டாலும் வுலாண்டோனிச் சந்தை கூடும்.