என் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், கடலூர் மச்சான் கடைக்கு வேண்டாமாம். ஏன்?

கேள்வி: இருவருக்கும் மளிகைக் கடைதான், ஆண்டு விற்பனையும் 30 லட்சம்தான். என் கடை மட்டும் புதுச்சேரியில்.

உங்களுக்குச் சொன்னது சரிதான். 2019 ஏப்ரல் 1 முதல் பொருள் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு 40 லட்சம் ஆனது. அதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம். தமிழ்நாடு ஏற்றது, புதுச்சேரி பழைய 20 லட்சத்திலேயே நின்றுவிட்டது. எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் சட்டம் வேறு!

இந்த வரம்பும் ஒரு வரிச்சலுகைதான். சின்னக் கடைக்கு வரியைவிடக் கணக்கு எழுதி, ரிட்டர்ன் போடுவதுதான் பெரிய பாரம். ஆனால் வரம்பை நெருங்குகிறவர் பில் போடாமல் விற்கும் ஆசையும் இதிலேதான் பிறக்கிறது. வளரும் நாடுகள் பலவற்றிலும் உள்ள தலைவலி இது.

நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில், சேரலாம். வியாபாரிக்கு விற்பனையில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியையும் கழிக்க முடியாது.

அப்புறம் ஒரு விஷயம். இத்திட்டத்தில் இருந்துகொண்டு கடலூருக்குச் சரக்கு அனுப்பி விற்க முடியாது. அது வெளிமாநில விற்பனை. மச்சானும் புதுச்சேரியில் உள்ள பாகூருக்கு மூட்டை அனுப்பி விற்றால், 40 லட்ச வரம்பு அவருக்கு உதவாது. முதலில் பதிவு செய்தாக வேண்டும்.