270 பேர்

அன்புள்ள ஐயா,

உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. இப்படியே பெருகினால் நிலத்துக்கும் நீருக்கும் அடித்துக்கொண்டு சாவதைத் தவிர வேறு வழி உண்டா? தடுக்கவேண்டிய ஐ.நா. அமைதிப்படையோ நீலத் தொப்பி மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. அதைக் கலைத்துவிட்டால்தான் என்ன?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை பதினைந்து வயதில் நானே மேடையில் பேசியிருக்கிறேன். பள்ளிப் பேச்சுப்போட்டி. பெருகும் மனிதர், சுருங்கும் பூமி என்று கையை வீசி முழங்கி, கடைசி வரியில் குரலைத் தழைத்தேன். முதல் பரிசு. அந்தக் கோப்பையில் இப்போது பேனாக்கள் கிடக்கின்றன. அதைப் பார்த்தால் எப்போதுமே கொஞ்சம் கூச்சம்தான். உங்கள் கடிதம் வந்த அன்று அதிகமாகவே கூசியது.

எண்களை முதலில் முடித்துவிடுகிறேன். 800 கோடியைத் தொட்டது 2022 நவம்பரில். ஆனால் வளர்ச்சி வேகம் 1960களிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. அன்று ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல், இன்று 1 சதவீதத்துக்கும் கீழ். ஒரு பெண்ணுக்கு சராசரியாக ஐந்து குழந்தைகள் என்றிருந்தது இரண்டேகாலுக்கு வந்துவிட்டது. இந்த நூற்றாண்டின் எண்பதுகளில் 1,030 கோடி அளவில் நின்று, பிறகு குறையும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 0.72 குழந்தைதான். அவர்களிடம் போய்ப் பெருக்கம் என்று பேசிப் பாருங்கள்.

என் கோபம் வேறு. என் பேச்சில் கொலைகாரனே இல்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை. கூட்டம் பெருகியது, அடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஹூட்டு இனவெறியர்கள் டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்ததையும் இப்படி விளக்கியவர்கள் உண்டு. நெருக்கமான நாடு, துண்டு துண்டான நிலம், எல்லாம் உண்மை. ஆனால் அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி என்று எழுதிவைத்தது ஜனநெருக்கடியா? வானொலியில் பெயர் வாசித்து ஆளைக் காட்டிக்கொடுத்தது? இன்று அதே மண்ணில் ஏறத்தாழ இருமடங்கு மக்கள் வாழ்கிறார்கள் ஐயா.

அமைதிப்படையினர் வேடிக்கை பார்த்தார்கள் என்கிறீர்கள். பார்த்தார்கள்தான். யார் பார்க்கச் சொன்னது? ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, பறிமுதல் செய்யப்போகிறேன் என்று ருவாண்டாவில் இருந்த அமைதிப்படையின் தளபதி ரோமியோ டலேர் ஜனவரியிலேயே ஐ.நா. தலைமையகத்துக்கு எழுதினார். கூடாது என்றார்கள். ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. அமைதிப்படையில் இருந்த பெல்ஜியப் படையினர் பத்துப் பேர் கொல்லப்பட்டதும் அந்த நாடு தன் ஆட்களைத் திரும்ப அழைத்தது. தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் இரண்டாயிரம் பேர் அந்தப் பெல்ஜியப் படையினரை நம்பி ஒண்டியிருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வண்டிகள் கிளம்பியபோது சக்கரங்களுக்கு முன்னால் படுத்து மறித்தார்கள். வானத்தை நோக்கிச் சுட்டு வழி உண்டாக்கிக்கொண்டு வண்டிகள் போயின. சில மணி நேரத்தில் அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

பத்தே நாளில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் கூடியது. சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 ஆகக் குறைத்தது. தீர்மானம் 912, ஒருமனதாக. கவுன்சிலின் 15 நாடுகளில் அந்த ஆண்டு ருவாண்டாவும் ஒன்று. கொலை செய்துகொண்டிருந்த அரசின் பிரதிநிதியும் கை தூக்கினார். ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. நாடுகள் ஆள் கொடுத்தால் உண்டு, அனுமதித்த அளவே சுடலாம். கையைக் கட்டியவர்களை விட்டுவிட்டு, கட்டப்பட்டவன் தொப்பியின் நிறத்தைக் கேலி செய்வது சோம்பேறித்தனம்.

நமீபியா, மொசாம்பிக், லைபீரியா என்று அமைதிப்படையின் வேலை ஓரளவு உருப்படியாக முடிந்த நாடுகளும் உண்டு. ஹைட்டிக்கு அமைதிப்படை வழியாகவே காலரா போன கதையும் உண்டு. கலைப்பது பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

270 என்ற தீர்மானத்தை மீறிச் சிலர் கிகாலியிலேயே தங்கிவிட்டார்கள். பெரும்பாலும் கானா நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுடைய தளபதி ஹென்றி அன்யிடோஹோ போக மறுத்தார். ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்த விளையாட்டரங்கை அந்தச் சொற்பப் பேர்தான் காத்தார்கள். அரங்கின் பெயர் அமஹோரோ. அந்த நாட்டு மொழியில் அமைதி என்று பொருள்.